பொன் அணி – 6: எட்டுக்கு மூன்று

போன வாரம் லண்டன் வெம்ப்ளி மைதானத்தின் சுரங்கப் பாதையில் இரண்டு அணிகளையும் நிற்க வைத்துவிட்டுப் போனோம். ஒரு வாரமாக நிற்கிறார்கள், பாவம். உள்ளே அனுப்பிவிடுவோம்.

1953 நவம்பர் 25, புதன்கிழமை. காலரிகளில் 1,05,000 பேர். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியிலிருந்து வந்த எந்த நாட்டு அணியிடமும் சொந்த மண்ணில் இங்கிலாந்து தோற்றதில்லை. அந்தப் பட்டியலில் ஹங்கேரியின் பெயரையும் சேர்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம் என்று வந்த கூட்டம் அது.

விசில் ஊதியது. பலர் இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை. பெனால்ட்டி எல்லையின் விளிம்பிலிருந்து ஓர் அடி. வலை குலுங்கியது. முதல் நிமிடத்திலேயே கோல்.

அடித்தவர் நாந்தோர் ஹிதெக்குட்டி. வயது 31. ஜெர்சி எண் 9.

அந்த 9-இல்தான் சூட்சுமம். அந்தக் காலத்தில் 9 என்றால் சென்டர் ஃபார்வர்ட். எதிரணியின் கோல் வாசலில் போய் நிற்பவர். அவரைக் காவல் காக்கவென்றே எதிரணியில் 5 என்ற எண்ணோடு ஒருவர் இருப்பார். இங்கிலாந்தின் 5, ஹாரி ஜான்ஸ்டன். அவருக்குக் கொடுத்த வேலை சுலபமானது: 9 எங்கே போகிறாரோ அங்கே போ. ஆனால் இந்த 9 கோல் வாசலுக்கு வந்து நிற்க மாட்டேன் என்கிறார். பின்னால், நடு மைதானத்தில் மாலை நடை போவதுபோல் உலாவிக்கொண்டிருக்கிறார். அவரைத் தேடிக்கொண்டு ஜான்ஸ்டன் போனால் வாசல் திறந்து கிடக்கும். கோச்சிஷும் புஷ்காஷும் உள்ளே புகுந்துவிடுவார்கள். போகாமல் வாசலிலேயே நின்றால் ஹிதெக்குட்டி நிதானமாகப் பந்தை வாங்கி, தலை நிமிர்ந்து பார்த்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்க நேரம் கிடைக்கும். போனாலும் அடி, நின்றாலும் அடி. 90 நிமிடமும் ஜான்ஸ்டன் இந்த இரண்டுக்கும் நடுவே அல்லாடினார்.

இதைச் செதுக்கியவர் புடாபெஸ்ட்டின் எம்.டி.கே. கிளப் பயிற்சியாளர் மார்ட்டோன் புகோவி. ஹிதெக்குட்டி அந்தக் கிளப்பின் ஆட்டக்காரர். தேசிய அணியின் பயிற்சியாளர் குஸ்தாவ் ஷெபெஷ் அதைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டார். நல்ல யோசனை யாருடையதாக இருந்தால் என்ன?

24-ஆவது நிமிடம். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

வலது ஓரத்திலிருந்து வந்த பந்து, கோலுக்குப் பக்கவாட்டில் ஃபெரென்ஸ் புஷ்காஷின் இடது காலுக்கு வருகிறது. இங்கிலாந்து கேப்டன் பில்லி ரைட் பாய்கிறார். பந்தையும் ஆளையும் சேர்த்துத் துடைத்துவிடும் வேகம். புஷ்காஷ் அவசரப்படவில்லை. பூட்ஸின் அடிப்பாகத்தைப் பந்தின் மேல் வைக்கிறார். ஊஞ்சல் பலகையை ஒற்றைக் காலால் பின்னுக்கு இழுப்பதுபோல் பந்தை இழுக்கிறார். ரைட் வந்து சேர்கிறார். பந்து இருந்த இடத்துக்கு. சறுக்கிக்கொண்டே கடந்தும் போய்விடுகிறார். அதே இடது காலால் ஓர் அடி. கோல்கீப்பர் கில் மெரிக்குக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில் பந்து நுழைந்துவிட்டது. 3-1.

குள்ளம். லேசான தொப்பை. வலது காலை நிற்பதற்கு மட்டுமே வைத்திருப்பவர்போல் எல்லாவற்றுக்கும் இடது கால். சுரங்கப் பாதையில் பார்த்தபோது இவரா ஆபத்தானவர் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. அடுத்த மூன்றே நிமிடத்தில் இன்னொரு கோலும் அவர் கணக்கில் ஏறியது. ஹாஃப் டைமில் 4-2. 57-ஆவது நிமிடத்துக்குள் 6-3. அதோடு போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். ஹிதெக்குட்டி 3, புஷ்காஷ் 2, போஷிக் 1.

இங்கிலாந்தின் மூன்றாவது கோலைப் பெனால்ட்டியில் அடித்தவர் ஆல்ஃப் ராம்சே. அன்று ஆடிய 11 பேரில் 6 பேருக்கு அதுவே இங்கிலாந்துக்கான கடைசி ஆட்டம். ராம்சேயும் அந்த ஆறில் ஒருவர். 13 வருடம் கழித்து, இதே மைதானத்தில், மேனேஜராக இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அன்று வாங்கிய பாடம் வீண்போகவில்லை.

ஏதோ ஒரு நாள் கெட்ட நாள் என்று இங்கிலாந்து தன்னைத் தேற்றிக்கொண்டு, ஆறு மாதம் கழித்துப் பதிலடி கொடுக்க புடாபெஸ்ட்டுக்குப் போனது. 1954 மே 23. ஹங்கேரி 7, இங்கிலாந்து 1. இங்கிலாந்து அணி வாங்கிய மிகப் பெரிய உதை இன்றுவரை அதுதான்.

*

இந்த இடத்தில் பேரேட்டைப் புரட்டிக்கொள்வோம்.

தொடரின் முதல் வாரத்தில் மூன்று எண்களை எழுதி வைத்தது நினைவிருக்கலாம். 42, 7, 1. 1950 ஜூனிலிருந்து 1956 தொடக்கம் வரை ஹங்கேரி ஆடிய 50 ஆட்டங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 42 வெற்றி, 7 டிரா, 1 தோல்வி. 42-ஐப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். ஆனால் இந்தத் தொடர் அந்த ஒற்றை 1-ஐத் தேடித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

1950 மே 14 அன்று வியன்னாவில் ஆஸ்திரியாவிடம் 5-3 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு நான்கு வருடமாகத் தோல்விக் கட்டம் காலி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஐந்து ஆட்டம்; அடித்தது 20, வாங்கியது 2; கழுத்தில் தங்கம். பிறகு வெம்ப்ளி. பிறகு இந்த 7-1. ஹங்கேரியர்கள் தங்கள் அணிக்குப் பொன் அணி என்று பெயர் வைத்ததில் அடக்கம் இல்லை. பொய்யும் இல்லை.

1954 ஜூன் மாதம் சுவிட்சர்லாந்தில் உலகக் கோப்பை. கோப்பையை இப்போதே கொடுத்து அனுப்பிவிட்டால் ரயில் செலவாவது மிச்சம் என்ற நிலைமை.

பந்து உருளத் தொடங்கும் முன் போட்டி விதியைப் பார்த்தாக வேண்டும். அதற்குள்தான் கண்ணி இருந்தது.

16 அணிகள், 4 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முன்கூட்டியே தரம் குறிக்கப்பட்ட இரண்டு பெரிய வீட்டுப் பிள்ளைகள், இரண்டு சாதாரண வீட்டுப் பிள்ளைகள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் மோதிக்கொள்ள மாட்டார்கள். சாதாரணர்களும் தங்களுக்குள் மோத மாட்டார்கள். ஆக, ஆளுக்கு இரண்டே ஆட்டம். இரண்டாம் இடத்துக்கு இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் யார் எத்தனை கோல் அடித்தார் என்று பார்க்க மாட்டார்கள். இன்னொரு தடவை ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஹங்கேரியின் பிரிவில் இன்னொரு பெரிய வீட்டுப் பிள்ளை யார் தெரியுமா? துருக்கி. அது எப்படிப் பெரிய வீடானது என்பது தனிக் கூத்து. அந்த இடம் முதலில் ஸ்பெயினுக்கு. தகுதிச் சுற்று முடியும் முன்பே ஸ்பெயின் எப்படியும் வந்துவிடும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். ஸ்பெயினும் துருக்கியும் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்தார்கள். ரோம் நகரில் மூன்றாவது ஆட்டம், 2-2 டிரா. கடைசியில் ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டிச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். வந்த சீட்டில் துருக்கி. ஸ்பெயினுக்குப் போட்டு வைத்திருந்த நாற்காலியில் துருக்கி போய் உட்கார்ந்தது.

அதனால், சாதாரண வீட்டுப் பிள்ளையாக வந்த மேற்கு ஜெர்மனிக்குத் தன் இரண்டு ஆட்டங்களில் ஒன்று ஹங்கேரியோடு, இன்னொன்று ஸ்பெயினுக்குப் பதிலாகத் துருக்கியோடு. கண் கட்டிய சிறுவன் எடுத்த சீட்டு, தானறியாமல் ஒரு ஜெர்மானியருக்கு வழி திறந்துவிட்டது. அவரை அடுத்துச் சந்திப்போம். அதற்குள் ஹங்கேரி தன் முதல் ஆட்டத்தை முடித்துவிடட்டும்.

ஜூன் 17, ஜூரிக். எதிரே தென் கொரியா. அங்கே போர் ஓய்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜப்பான் அணி தங்கள் மண்ணை மிதிக்கக் கூடாது என்று கொரிய அதிபர் மறுத்துவிட்டதால், தகுதிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களையும் டோக்கியோவிலேயே ஆடி, தகுதி பெற்று வந்தவர்கள். நெடுந்தூரப் பயணக் களைப்பு வேறு. 9-0. கோச்சிஷ் 3, புஷ்காஷ் 2, பலோட்டாஷ் 2, லந்தோஷ் 1, சிபோர் 1. வேறு சொல்ல எதுவும் இல்லை.

*

செப் ஹெர்பெர்கர். மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளர். வயது 57. குள்ளமான உருவம், ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் மாதிரி. உண்மையிலேயே கணக்கில் புலி.

அவருடைய அணி முதல் ஆட்டத்தில் துருக்கியை 4-1 என்று வென்றிருந்தது. அடுத்தது ஜூன் 20, பாசெல் நகரில் ஹங்கேரி. ஹெர்பெர்கர் கணக்குப் போட்டார். துருக்கி எப்படியும் கொரியாவை ஜெயித்துவிடும். நாம் ஹங்கேரியிடம் தோற்றால் நமக்கும் துருக்கிக்கும் சமப் புள்ளி. மூன்றே நாளில், 23-ஆம் தேதி, துருக்கியோடு மறு ஆட்டம். ஹங்கேரியிடம் 1 கோலில் தோற்றாலும் 10 கோலில் தோற்றாலும் விளைவு ஒன்றுதான். ஜெயித்தால் மறு ஆட்டமே தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் நான்கு வருடமாக யாரும் செய்யாததை நாம் செய்துவிடுவோம் என்று எந்தக் கணக்கு வாத்தியாராவது எழுதிக் கொடுப்பாரா?

துருக்கிக்கு எதிராக ஆடியவர்களில் ஏழு பேரை உட்கார வைத்தார்.

பாசெல், ரைன் நதிக்கரையில் ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஊர். எல்லை தாண்டி ஆயிரக்கணக்கில் ஜெர்மன் ரசிகர்கள் வந்திருந்தார்கள். வந்தவர்கள் பார்த்தது ஓர் அறுவடை. 3-ஆவது நிமிடம் கோச்சிஷ். 17-இல் புஷ்காஷ். 21-இல் மறுபடி கோச்சிஷ். ஷாந்தோர் கோச்சிஷுக்குத் தங்கத் தலை என்று பட்டப் பெயர். அவர் எம்பினால் பந்து அவர் தலை சொல்கிற திசையில்தான் போகும். ஜெர்மனி ஒன்று திருப்பியது. இடைவேளைக்குப் பிறகு ஹிதெக்குட்டி அடுத்தடுத்து இரண்டு. 54-ஆவது நிமிடத்தில் 5-1.

காலரியிலிருந்து கூச்சல். அது ஹங்கேரிக்கு எதிரான கூச்சல் அல்ல. தங்கள் சொந்தப் பயிற்சியாளருக்கு எதிரான கூச்சல்.

ஏறக்குறைய ஒரு மணி நேர ஆட்டம் முடிந்திருந்தது. புஷ்காஷ் பந்தோடு போகிறார். பின்னாலிருந்து வெர்னர் லீப்ரிஷ், ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர். ஓர் உதை. புஷ்காஷ் புல்லில் விழுந்தார். கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

வேண்டுமென்றே உதைத்தார் என்றார் புஷ்காஷ். பந்துக்குத்தான் போனார் என்றது ஜெர்மன் தரப்பு. இரண்டையும் இன்றைக்கு நம்மால் நிரூபிக்க முடியாது. எழுந்து நின்று ஆட்டத்தைத் தொடர அவரால் முடியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அந்த உலகக் கோப்பையில் மாற்று ஆள் இறக்கும் வழக்கம் இல்லை. கேப்டன் வெளியே, மைதானத்தில் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் மேலும் மூன்று கோல் அடித்தார்கள். கோச்சிஷ், தோத், மறுபடி கோச்சிஷ். ஜெர்மனியும் இரண்டு அடித்தது. முடிவு 8-3. கோச்சிஷ் கணக்கில் மட்டும் நான்கு.

இரண்டு ஆட்டம், 17 கோல். உலகம் வாயைப் பிளந்தது. ஜெர்மனியில் ஹெர்பெர்கரைத் திட்டிக் கடிதங்கள் குவிந்தன.

*

பேரேட்டில் வரவு ஒரு பக்கம் என்றால் பற்று மறுபக்கம் இருந்தாக வேண்டும். சாதனைப் புத்தகங்கள் பெரும்பாலும் வரவுப் பக்கத்தை மட்டுமே அச்சடிக்கின்றன. ‘ஹங்கேரி 8, மேற்கு ஜெர்மனி 3.’ அவ்வளவுதான். மறுபக்கத்தை நாம் எழுதுவோம்.

முதல் பற்று, ஒரு கணுக்கால். 85 ஆட்டத்தில் 84 கோல் என்று ஹங்கேரிக்கான கணக்கை முடிக்கப்போகிற மனிதரின் கணுக்கால். 2003-இல் ஈரானின் அலி தாயி முந்தும்வரை அரை நூற்றாண்டு நிலைக்கப்போகிற சாதனை அந்தக் கால்களை நம்பி இருந்தது. இப்போது ஒன்றில் வீக்கம்.

இரண்டாவது பற்று, ஹங்கேரி அன்று பார்த்த ஜெர்மனி ஜெர்மனியே இல்லை. கேப்டன் ஃபிரிட்ஸ் வால்ட்டர் ஆடினார், சரி. ஆனால் அவருடைய தம்பி ஒட்மார் இல்லை. மாக்ஸ் மோர்லோக் இல்லை. கோல்கீப்பர் டோனி டுரேக் இல்லை. மேலும் சிலர் இல்லை. இவர்களை எளிதில் உரித்துவிடலாம் என்ற எண்ணம் மட்டும் ஹங்கேரியர்கள் மனதில் தங்கிவிட்டது. எதிராளி காட்டாத சீட்டை எப்படி எண்ண முடியும்?

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் விசித்திரம். கால் இறுதிக்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். நான்கு பிரிவிலும் முதலிடம் பிடித்தவர்கள் தங்களுக்குள்ளேயே மோதி ஓர் இறுதிப் போட்டியாளரைத் தருவார்கள். இரண்டாமிடம் பிடித்தவர்கள் தங்களுக்குள் மோதி இன்னொருவரைத் தருவார்கள். அதாவது, நன்றாக ஆடியவர்களுக்குப் பரிசாகக் கஷ்டமான பாதை. சுமாராக ஆடியவர்களுக்கு ஆறுதலாகச் சுலபமான பாதை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையை வெயிலில் நிற்க வைத்த கதை.

பாதைகள் இப்படிப் பிரிந்தன. ஹெர்பெர்கர் எதிர்பார்த்தபடியே துருக்கி கொரியாவை 7-0 என்று வென்றது. 23-ஆம் தேதி மறு ஆட்டம். உட்கார வைத்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள், 7-2. மோர்லோக் மட்டும் 3. இரண்டாமிடத்துக்காரர்களின் பாதையில் ஜெர்மனிக்கு அடுத்து யூகோஸ்லாவியா.

முதலிடத்துக்காரர்களின் பாதையில் ஹங்கேரிக்கு முதலில் பிரேசில். 1950 உலகக் கோப்பையில் இரண்டாம் இடம். அதைத் தாண்டினால், இங்கிலாந்தும் உருகுவேயும் மோதி அதில் வெல்பவர். உருகுவே நடப்பு சாம்பியன். உலகக் கோப்பை ஆட்டம் எதிலும் அதுவரை தோற்றதே இல்லாத நாடு.

எட்டுக்கு மூன்று என்ற வெற்றிக்கு இதுதான் விலை. புஷ்காஷ் இல்லாமல் கொடுக்க வேண்டும்.

*

ஜூன் 27, பெர்ன். வாங்க்டார்ஃப் மைதானம். மழை.

அணி இறங்கியபோது 10-ஆம் எண் ஜெர்சியில் புஷ்காஷ் இல்லை. அவர் இல்லாத குறை ஏழு நிமிடத்துக்குத் தெரியவில்லை. 4-ஆவது நிமிடம் ஹிதெக்குட்டி; 7-ஆவது நிமிடம் கோச்சிஷ். 2-0. பிறகுதான் ஈரப் புல்லில் கால்கள் பந்தைவிட ஆட்களை அதிகம் தேட ஆரம்பித்தன.

பிரேசிலுக்கு ஒரு பெனால்ட்டி. ஜால்மா சாண்டோஸ் அடித்தார். 2-1. இடைவேளைக்குப் பிறகு ஹங்கேரிக்கு ஒரு பெனால்ட்டி, லந்தோஷ் அடித்தார். 3-1. ஜூலின்யோ தூரத்திலிருந்து அடித்த அடியில் 3-2. இங்கிலாந்தைச் சேர்ந்த ரெஃபரி ஆர்தர் எல்லிஸின் வாயிலிருந்து விசில் இறங்கவே இல்லை.

71-ஆவது நிமிடம். யோஷெஃப் போஷிக்கும் பிரேசிலின் நில்டன் சாண்டோஸும் மோதிக்கொண்டார்கள். பந்துக்காக அல்ல, கை முஷ்டிகளால். போஷிக் யார் என்று ஞாபகப்படுத்துகிறேன். கிஷ்பெஷ்ட் பகுதியில் புஷ்காஷின் பக்கத்து வீட்டுப் பையன். அணியிலேயே நிதானமானவர். அதோடு ஹங்கேரி நாடாளுமன்ற உறுப்பினர். எல்லிஸ் இருவருக்கும் வெளியே வழி காட்டினார். ஒரு நாட்டின் மக்கள் பிரதிநிதி அடிதடிக்காக உலகக் கோப்பை மைதானத்தைவிட்டு நடந்து போனார். எட்டு நிமிடம் கழித்து பிரேசிலின் உம்பெர்ட்டோவும் அதே வழியில் போனார்.

88-ஆவது நிமிடம், தங்கத் தலை மறுபடி. 4-2. ஹங்கேரி அரை இறுதிக்குப் போய்விட்டது.

பேரேட்டில் இதையும் எழுதிக்கொள்ளலாம்: பிரேசிலுக்கு எதிராக 4-2, வெளியேற்றப்பட்டவர்கள் மூவர். கடைசி விசில் ஊதியாகிவிட்டது. வீரர்கள் உடை மாற்றும் அறைகளை நோக்கி, அந்தக் குறுகலான வழியில் நடக்க ஆரம்பித்தார்கள். சண்டை அங்கேதான் தொடங்கியது.

கண்ணாடி உடையும் சத்தம். கூச்சல். சில நிமிடங்கள் கழித்து ஷெபெஷின் முகத்தில் ரத்தம்; தையல் போட வேண்டியிருந்தது. பிரேசிலின் தடுப்பாட்டக்காரர் பின்ஹெய்ரோவின் தலையிலும் ரத்தம், பாட்டிலால் அடி.

யார் அடித்தது? அன்று ஆடிய ஹங்கேரியர்கள் பதினொரு பேரில் ஒருவரும் இல்லை என்று குற்றம் சாட்டியவர்கள் சொன்னார்கள். அவர்கள் விரல் காட்டியது, அன்று பந்தைத் தொடவே தொடாத ஒருவரை.

அவர் கணுக்காலில் கட்டுப் போட்டிருந்தார்.

(தொடரும்)